கிரெடிட் கார்டு ‘மினிமம் டியூ’: 2,000 ரூபாய் கட்டினால் கடன் எவ்வளவு குறையும்?

வாடகை, மளிகை, இஎம்ஐ போக கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். கார்டு பில்லோ 40,000 ரூபாய். ‘மினிமம் டியூ 2,000’ என்கிறது ஆப். அதை மட்டும் கட்டினால் போதுமா?

தாமதக் கட்டணம் வராது. தவணை தவறியதாக சிபிலில் பதிவாகாது. ஆனா வட்டி நிற்காது.

பல கார்டுகளில் வட்டி மாதம் 3.5 சதவீதம் வரை போகிறது. ஆண்டுக்கு 42 சதவீதம். அந்தக் கணக்கில் மீதி 38,000-க்கு ஒரு மாத வட்டி 1,330 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 239 ரூபாய். அடுத்த மாதம் இன்னொரு 2,000 கட்டினாலும் அசலில் கழிவது சுமார் 430 ரூபாய்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. பழைய பாக்கி தீரும்வரை வட்டியில்லா காலம் கிடையாது. புதிதாக வாங்கும் மளிகைக்கும் கார்டைத் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். மினிமம் மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்று வாடிக்கையாளரை எச்சரிக்கச் சொல்கிறது ரிசர்வ் வங்கி விதி.

என்ன செய்யலாம்? முதலில் அந்தக் கார்டை ஓரங்கட்டுங்க. முடிந்தவரை கூடுதலாகக் கட்டுங்க. வட்டி குறைவான பர்சனல் லோன், நகைக்கடன் கிடைக்குமா என்று பிராசஸிங் கட்டணத்தையும் சேர்த்து ஒப்பிடுங்க. மாத பட்ஜெட்டில் கார்டு பில் வாடகைக்கு அடுத்த வரியில் இருக்கட்டும். கடைசி வரியில் வேண்டாம்.