பெயரும் திணையும்

பெயரிலக்கணங் கற்பித்தே நரைத்த யான், பெயரின் அறத்தை அண்மையிலேயே உணர்ந்தேன். உணர்த்தியவர் அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரிற் பிறந்த கறுப்பினத் திருநங்கை, பத்திரிகையாளர் மொனிக்கா றொபேட்ஸ் (1962–2020).

2006இல் அவர் தொடங்கிய இணைய ஏட்டின் பெயர் 'ட்ரான்ஸ்கிரியோ'. கிரியோ என்பார் மேற்கு ஆபிரிக்கப் பாணர். குலவரலாற்றை நாவிற் காப்பவர். கொலையுண்ட திருநங்கையரைக் காவலரும் செய்தியேடுகளும் பழைய பெயரால் ஆணென்றே குறித்தபோது, அவர்தாம் வாழ்ந்த பெயரைத் தேடி வெளியிட்டார் மொனிக்கா. பெயர் பிழைத்தால் உற்றாரும் தோழரும் இறந்தவரை எங்ஙனம் அறிவர்?

ஆண்மை திரிந்தாரைத் தொல்காப்பியர் உயர்திணையுள்ளேயே வைத்தார். வகுப்பில் அச்சூத்திரம் வருங்கால், மாணவர் நகைப்பரென அஞ்சி விரைந்து கடந்தவன் யான். கடந்ததும் ஒரு பிழையே. ஆசிரிய நண்பர்காள், இனி அவ்விடத்து நின்று கற்பிப்போமாக.