சவுண்டு கார்டு ஓடலைன்னா லினக்ஸுக்கு ஏன்யா திட்டு?

"லினக்ஸா? அதுல சவுண்டு கார்டெல்லாம் ஓடாதுண்ணே. விண்டோஸ் போட்டுட்டு வாங்க!"

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப ஒரு கடைக்காரத் தம்பி சொன்ன அருள்வாக்கு இது. செட்டியார்பட்டியில பக்கத்து வீட்டுப் பையன், கீபோர்டு வாசிச்சு ரெக்கார்டு பண்ணணும்னு காசு சேர்த்து யூஎஸ்பி சவுண்டு கார்டு வாங்கியிருந்தான். லேப்டாப்பு, அவன் அக்காவுக்குக் கிடைச்ச அரசு இலவச லேப்டாப்பு. 2011-ல அந்தத் திட்டம் ஆரம்பிச்சப்பவே விண்டோஸோட சி-டாக் உருவாக்குன பாஸ் லினக்ஸையும் போட்டுத்தான் கொடுத்தாங்க. பையன் கார்டைச் செருகினான். பேச்சு மூச்சு இல்லை. பழி? லினக்ஸ் மேல!

மக்களே, கணக்கைப் பார்ப்போம். யூஎஸ்பி ஆடியோவுக்குப் பொதுத்தரம் 1998-லயே வந்தாச்சு. அது 12 மெகாபிட் வேகத்துக்கு எழுதினது. எட்டு சேனலை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்ல அனுப்ப விநாடிக்கு 18 மெகாபிட்டுக்கு மேல வேணும். அடங்காது. அதனால 480 மெகாபிட் அதிவேக யூஎஸ்பிக்காக 2006-ல ரெண்டாம் பதிப்பு வந்துச்சு. லினக்ஸ் கெர்னல் அதை ஏத்துக்கிட்டது 2010-ல. விண்டோஸ் தனி டிரைவர் இல்லாம அதைப் புரிஞ்சுக்கிட்டது 2017-ல. ஏழு வருசம் லேட்டு! இதுல யாரு பின்தங்கினவன்?

அப்புறம் ஏன் ஓடலை? தயாரிச்சவன் பொதுத்தரத்தை ஓரங்கட்டிட்டு, சொந்தமா ஒரு பாஷை வச்சிருக்கான். விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் கொடுப்பான். பாஷையோட விவரத்தை வெளியில சொல்ல மாட்டான். அல்சா ஆளுங்க ஒயர்ல ஓடுற டேட்டாவை மோப்பம் பிடிச்சு, ஒவ்வொரு கார்டுக்கும் வைத்தியம் எழுதணும். கம்பெனி நாளைக்கே டிரைவரைக் கைவிட்டா விண்டோஸ்லயும் அந்தக் கார்டு வெறும் டப்பாதான்.

"விண்டோஸ் போடுங்க"ன்னு சுலபமா சொல்லிடலாம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோட முடிஞ்சுது. அந்தப் பழைய லேப்டாப்பு 11-ஐ ஏத்துக்காது. புதுசு வாங்க யார் காசு தருவா?

நம்மாளுங்க மேலயும் கோவம்தான். புதுசா வர்றவன் சந்தேகம் கேட்டா "மேனுவலைப் படி"ன்னு விரட்டுறோம். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பையன் காசு தப்பிச்சிருக்கும். ஐபேடுல தனி டிரைவர் இல்லாம ஓடும்னு போட்டிருக்கிற கார்டு, லினக்ஸ்லயும் பெரும்பாலும் ஓடும். இந்த ஒத்த வரிதான்!

என்னோட பழைய கார்டைக் கொடுத்தேன். செருகினதும் ஓடுச்சு. அவன் வாங்கினது அலமாரியில தூங்குது. கடையில திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க.

டிஸ்கி: பையனோட முதல் ரெக்கார்டிங்ல பின்னணி இசை, பக்கத்து வீட்டுத் தறி. அதுக்கு எந்தக் கெர்னல்லயும் மருந்து இல்லை :-)