தோளும் புள்ளியும்

யான் ஆசிரியத் தொழிலிற் புகுந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. இம்முப்பது ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் விடைத்தாள்களுக்குப் புள்ளி இட்டிருப்பேனோ, அறியேன். புள்ளி இடுதல் எளிதென்று கருதுவோர் அத்தொழிலைச் செய்து பாராதவர். ஒரு பிள்ளை எட்டு வினாக்களுக்கும் சிறிது சிறிதாக விடை எழுதி நாற்பது புள்ளி எடுக்கிறான். மற்றொருவன் இரண்டு வினாக்களுக்கு மாத்திரம் செவ்வனே எழுதி அதே நாற்பதைப் பெறுகிறான். நாற்பது எடுத்தவர் சித்தி என்பது விதி. ஆகவே இருவரும் சித்தியெய்தினர். எல்லாம் முடிந்தபின், ‘ஏதேனும் ஒரு வினாவில் இருபது புள்ளி எடாதவன் சித்தியெய்தான்’ என்று புதுவிதி ஒன்று வருமாயின் முதற்பிள்ளையின் கதி யாது?

பரீட்சையாயின், அவன் அடுத்த ஆண்டு மீண்டும் தோற்றுவான். நோயும் உடற்குறையும் உடைய மனிதருக்கு, அவர்தம் இயலாமையை அளந்து இட்ட புள்ளியிலே இத்தகைய விதி வந்தால் என் செய்வது? 2025ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் இலட்சக்கணக்கானோரின் உறக்கத்தைக் கெடுத்த கேள்வி இதுதான்.

என்னிடம் தமிழ் படித்த பெண் ஒருத்தி இப்போது இலண்டனுக்கு அண்மையில் வாழ்கிறாள். கணக்கு வேலை பார்க்கிறாள். மூட்டுவாதம் அவளுடைய விரல்களையும் முழங்கால்களையும் பற்றிச் சில ஆண்டுகளாயின. அந்த ஆண்டு சித்திரையில் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். ‘ஐயா, எனக்கு மொத்தம் எட்டுப் புள்ளி. சமையலுக்கு இரண்டு, குளிப்புக்கு இரண்டு, உடுப்புக்கு இரண்டு, மலசலகூடத்துக்கு இரண்டு. எதிலும் நான்கு இல்லை. இனி நான் நோயாளி இல்லையாம்’ என்று எழுதியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் புள்ளி குறைந்ததென்று முறையிட்டதே இல்லை.

அவள் குறித்தது பேர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமென்ற் என்னும் கொடுப்பனவை. சுருக்கமாகப் ‘பிப்’ என்பர்; தனியாள் தற்சார்புக் கொடுப்பனவு என்று நாம் பெயர்த்துக் கொள்ளலாம். 2013இல் தொடங்கியது. 2025இன் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் வேல்சிலுமாக 35 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனைப் பெற்றனர். அன்றாட வாழ்க்கைக்கென ஒரு பகுதியும் நடமாட்டத்துக்கென ஒரு பகுதியும் அதற்குண்டு. அன்றாட வாழ்க்கையைப் பத்துக் கூறாக வகுத்திருக்கின்றனர்: உணவு ஆக்குதல், உண்ணுதல், குளித்தல், உடுத்தல், பேசுதல், வாசித்தல், மனிதரோடு பழகுதல் என இவ்வாறு செல்லும் அப்பட்டியல். ஒவ்வொன்றிலும் இயலாமையின் அளவுக்குப் புள்ளி. நன்றாகச் செய்பவனுக்குச் சுழியம் கிடைக்கும் பரீட்சை உலகில் இது ஒன்றே போலும். மொத்தம் 8 பெற்றால் ஒரு தொகை, 12 பெற்றால் பெரிய தொகை. 2025இல் அவை வாரத்துக்கு 73.90 பவுணும் 110.40 பவுணும் ஆயின.

புள்ளித்திட்டத்தை வாசித்துப் பார்த்தேன். வாசித்தவரையில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். இடுப்புக்குக் கீழே உடலைக் கழுவ மற்றொருவர் துணை வேண்டுமாயின் 2 புள்ளி. தோளுக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள பகுதியைக் கழுவத் துணை வேண்டுமாயின் 4 புள்ளி. உடுப்பதிலும் அவ்வாறே: கீழுடம்புக்கு 2, மேலுடம்புக்கு 4. எந்தப் பரீட்சகர் எந்த மேசையிலிருந்து இக்கோட்டைக் கீறினாரோ! தன் கால்களைத் தானே கழுவ இயலாத முதியவளுக்குப் பிறர் கை வேண்டும் என்பதில் மேலென்ன, கீழென்ன? நாணம் கீழேதான் மிகுதி என்று எங்கள் கிராமத்துக் கிழவிகூடச் சொல்வாள்.

இருந்தும், மொத்தம் பார்க்கும் விதி இருந்தவரை இக்குறை ஓரளவு மறைந்திருந்தது. 2025 மார்ச் 18இல் தொழில், ஓய்வூதிய அமைச்சர் லிஸ் கெண்டல் வெளியிட்ட அறிக்கை அந்த மறைப்பையும் நீக்கிற்று. 2026 நவம்பர் முதல், அன்றாட வாழ்க்கைப் பகுதியைப் பெற வேண்டுமாயின் மொத்தம் 8 போதாது. ஏதேனும் ஒரு கூற்றில் 4 புள்ளியேனும் இருத்தல் வேண்டும் என்றது அது. இடுப்புக்கு மேலே துணை வேண்டியவருக்குக் கொடுப்பனவு தங்கும். இடுப்புக்குக் கீழேயும், சமையலிலும், உண்பதிலும், மருந்து எடுப்பதிலும் இடர்ப்படுபவருக்கு அது போய்விடலாம். என் மாணவியின் எட்டு சுழியமாகிவிடும். சிறு துன்பங்கள் பல சேர்ந்து ஒரு பெருந்துன்பமாவதில்லை என்பது இவ்விதியின் உட்கருத்து. பல துளி பெருவெள்ளம் என்று கூட்டல் படிக்கும் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

அரசாங்கம் தானே வெளியிட்ட கணிப்பும் ஆறுதல் தருவதாயில்லை. 2029-30 அளவில் ஏறக்குறைய 8 இலட்சம் பேர் இக்கொடுப்பனவை இழப்பர் அல்லது பெறாது போவர். எல்லா மாற்றங்களும் சேர்ந்து 50,000 பிள்ளைகள் உட்பட 2,50,000 பேரை வறுமைக்குள் தள்ளும். மிச்சமாவது ஆண்டுக்கு 480 கோடி பவுண் என்றது அது.

அரசாங்கத்தின் பக்கத்தையும் சொல்லுதல் நீதி. தொற்றுநோய்க் காலத்துக்குப் பின்னர் இக்கொடுப்பனவுக்கு விண்ணப்பிப்போர் தொகை விரைந்து பெருகியது. திறைசேரியின் சுமையை ஒருவரும் மறுக்கவில்லை. தொழில் செய்யக்கூடியவர் தொழிலுக்குப் போக வேண்டும் என்பதும் தீய எண்ணமன்று. ஆனால் பிப் என்பது வேலையில்லாதவருக்குரிய படியன்று. வேலை செய்வோரும் அதனைப் பெறுவர். என் மாணவி அப்பணத்தைக் கொண்டுதான் மூட்டு வீங்கிய நாளிலே வாடகை வண்டியில் அலுவலகம் போகிறாள்; வாரம் இருமுறை வந்து சமைத்து வைக்கும் பெண்ணுக்குக் கூலி கொடுக்கிறாள். மாற்றுத்திறனாளி ஒருவர் உள்ள வீட்டுக்கு, மற்றவர்போல வாழ மாதந்தோறும் ஆயிரம் பவுணுக்கு மேல் மிகைச் செலவாகிறது என்று ஸ்கோப் என்னும் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. வேலைக்குப் போகச் செய்வதற்காக, வேலைக்குப் போகும் வண்டிக்கூலியைப் பறிப்பது என்ன தருக்கமோ!

தமிழ் படித்தவர்க்கு இரட்டைப் புலவரை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. ஒருவருக்குக் கண் இல்லை; மற்றவருக்குக் கால் இல்லை. கண்ணில்லாதவர் காலில்லாதவரைத் தோளிலே சுமந்தார். தோளில் இருந்தவர் வழி சொன்னார். ஊர் ஊராகச் சென்றனர்; உலாவும் கலம்பகமும் பாடினர். அவர்தம் செய்யுட்களைப் படிக்கும் மாணவருக்கு யான் தவறாமற் சொல்வதொன்றுண்டு: அவ்விருவரும் தம் ஊரிலே முடங்கிக் கிடந்திருப்பாராயின் நமக்கு அந்நூல்கள் இல்லை. முடங்கவிடாது செய்தது அந்தத் தோள். பிப் என்பது அத்தகைய ஒரு தோள். தோளை விலக்கிவிட்டு ‘இனி நட’ என்பது ஊக்கம் ஊட்டுதல் ஆகாது.

இவ்விடத்து நம் முன்னோரையும் முற்றாக வாழ்த்திவிட இயலவில்லை. புறநானூற்றிலே உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொல்லும் செய்யுள் ஒன்றில், குருடும் கூனும் ஊமும் செவிடும் முதலாகிய எண்வகைப் பிறப்புக்கள் பயனற்றனவாக வைத்துப் பேசப்படுகின்றன. அதனைப் படிப்பிக்கும்போதெல்லாம் என் நா சற்றுத் தயங்கும். முன் வரிசையில் ஊன்றுகோலோடு ஒரு பிள்ளை இருந்த ஆண்டிலே இன்னும் தயங்கிற்று. பயன் என்னும் அளவுகோலால் மனிதரை அளப்பது இன்றைய அமைச்சர்கள் கண்டுபிடித்ததன்று, பழையது. ஆனால் அதே தமிழிலேதான் வள்ளுவர் ஈகைக்கு முன்னே ஒப்புரவறிதல் என்று தனியாக ஓர் அதிகாரம் வைத்தார். இரண்டும் ஒன்றாயின் இரண்டு அதிகாரம் எதற்கு? இரப்பவனுக்கு இடுவது ஈகை. உலகத்தோடு கூடி வாழ்பவன் உலகத்துக்குச் செய்ய வேண்டிய கடப்பாடு ஒப்புரவு. ஊர்க் கேணியிலே நீர் மொள்ளுகிறவளைப் பார்த்து ‘இரவலாட்டி’ என்று எவரும் சொல்வதில்லை. இலண்டனிலே நடந்த வாதம் முழுவதும் இக்கொடுப்பனவை ஈகை என்று கொண்டோருக்கும் ஒப்புரவு என்று கொண்டோருக்கும் இடையிலே நடந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. ஈகையாயின் கொடுப்பவன் கையைச் சுருக்கலாம். பெறுபவன் கேள்வி கேட்க இயலாது.

கேள்வி கேட்க இயலாது என்றே எண்ணினர் போலும். அந்த மார்ச் அறிக்கையைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 2025 யூன் 30 வரை தவணை கொடுத்தனர். ஆனால் நான்கு புள்ளி விதியைப் பற்றிக் கருத்துக் கேட்கவேயில்லை. அது முடிந்த முடிபு. சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பு யூலை 1, அதாவது தவணை முடிந்த மறுநாள்! அதற்கு முன்னரே, அவ்வாண்டு சனவரியில், வேலைத்தகுதி மதிப்பீட்டை மாற்ற முன்னைய அரசாங்கம் 2023இல் நடத்திய கருத்துக்கேட்பு சட்டத்துக்கு அமைந்ததன்று என்று இலண்டன் உயர்நீதிமன்றம் தீர்த்திருந்தது. வழக்கைத் தொடுத்தவர் ஒரு மாற்றுத்திறனாளி. ‘எம்மைப் பற்றியது எதுவும் எம்மையின்றி வேண்டா’ என்பது உலகெங்கும் மாற்றுத்திறனாளிகள் சொல்லிவரும் வாசகம். ஒரு நீதிமன்றம் அதனைத் தன் மொழியில் சொல்லி ஆறு மாதமும் ஆகுமுன்னே மறந்துவிட்டனர்.

மறவாதவர் ஆளுங்கட்சிக்குள்ளேயே இருந்தனர். தொழிற்கட்சி அங்கத்தவர் 120 பேருக்கு மேல் எதிர்த்துக் கையொப்பமிட்டனர். அரசாங்கம் யூன் மாத இறுதியில் ஒரு படி இறங்கியது: இப்போது பெறுவோர் தொடர்ந்து பெறுவர், புதிதாக வருவோருக்கே புதுவிதி என்றது. இது முன்னதினும் விந்தையான புள்ளித்திட்டம். ஒரே நோய், ஒரே வலி, ஒரே எட்டுப் புள்ளி. ஒருவர் விதிக்கு முதல்நாள் விண்ணப்பித்தார், மற்றவர் மறுநாள் விண்ணப்பித்தார். ஒரே விடையை எழுதிய இருவருக்கு, தாள் கையளித்த நாளைப் பார்த்துப் புள்ளியிடும் பரீட்சகரை யான் கண்டதில்லை. எதிர்ப்பு அடங்கவில்லை. யூலை 1இல், விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, அமைச்சர் ஸ்டீவன் டிம்ஸ் எழுந்து அந்த விதியைச் சட்டமூலத்திலிருந்து நீக்குவதாகச் சொன்னார். மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக்கொண்டு தாம் நடத்தும் ஆராய்வு முடிந்தபின்னரே பிப் மாற்றப்படும் என்றார். அன்று சட்டமூலம் 335க்கு 260 என்னும் வாக்குகளால் தேறிற்று.

எல்லாம் நலமே முடிந்தது என்று பத்திரிகை வாசிப்போர் பலர் எண்ணினர். அவ்வாறன்று. 2025 செப்தெம்பர் 3இல் சட்டமாகிய அதே சட்டமூலத்தில் மற்றொரு வெட்டு நின்றுவிட்டது. நோயினால் வேலை செய்ய இயலாதோருக்கு யூனிவேர்சல் கிரெடிற் என்னும் திட்டத்திலே வாரம் 97 பவுணாயிருந்த மேலதிகத் தொகை, 2026 ஏப்பிரல் முதல் புதிதாக வருவோருக்கு 50 பவுண் அளவாகும். வாழ்நாள் முழுவதும் நீங்காத கடுநோயுடையோருக்கும் மரணப் படுக்கையில் உள்ளோருக்கும் விலக்குண்டு. அடிப்படைத் தொகையைச் சிறிது உயர்த்தினர் என்பதும் மெய்யே. எனினும் ஒரு வாரம் எழுந்து மறுவாரம் விழும் நோயர், ‘எப்போதும் இயலாதவர்’ என்னும் வரையறைக்குள் அடங்குவாரா? இந்த நாள்வழிப் பிரிவினையைப் பிப்பிலே ஒவ்வாதென்று நீக்கியவர்கள் இங்கே ஒப்பியது எங்ஙனம்? அன்று எதிர்த்துப் பேசியோருள் பெரும்பாலார் தமக்குக் கிடைத்துக்கொண்டிருந்ததற்காகப் பேசினர். நாளை நோயாளியாகப் போகிறவன் அன்று நலமாக இருந்தான். அவனுக்காகப் பேசக் கூட்டம் சேரவில்லை.

இஃது அயலார் வழக்கென்று நாம் இருந்துவிட இயலாது. நம் நாட்டிலும் 2023இல் வந்த அஸ்வெசும திட்டம் குறிகாட்டிகள் 22 வைத்துக் குடும்பங்களை அளந்தது. முதற்பட்டியல் வந்தவுடன் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் எழுந்ததை நாம் கண்டோம். பிரித்தானியாவிலும் பிப் தொடர்பாக நியாயசபை வரை செல்லும் வழக்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விண்ணப்பகாரர் பக்கமே தீர்கின்றன. மறுதிருத்தத்தில் மூன்றில் இரண்டு தாள்களுக்குப் புள்ளி மாறுமாயின், முதலில் திருத்தியவரைப் பற்றி எந்த அதிபரும் விசாரிப்பார்.

சட்டம் நிறைவேறிய பின்னர் என் மாணவிக்கு எழுதி, ‘உன் எட்டுப் புள்ளி தப்பிற்றே’ என்றேன். பதில் வந்தது. அவளுடைய கொடுப்பனவை மீளாய்வு செய்யும் படிவம் இன்னும் வரவில்லையாம், வரும். அந்த அமைச்சிலிருந்து வரும் கடித உறை பழுப்பு நிறமாக இருக்குமாம். ‘காலையிலே தபாற்காரன் வாயிற்கதவின் துவாரத்தால் கடிதத்தைப் போடுகிறபோது, ஐயா, மாடியிலிருந்து இறங்க எனக்குப் பத்து நிமிடம் செல்லும். இறங்கும்வரை உறை என்ன நிறம் என்று தெரியாது. அந்தப் பத்து நிமிடத்துக்கு அவர்களுடைய பட்டியலிலே புள்ளி இல்லை’ என்று எழுதியிருக்கிறாள்.