நடுவில் பதினெட்டு வருடம்



மெல்பர்னில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய வாசகி ஒருவர் நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். சனிக்கிழமை காலையானால் பேத்தி முட்டை மாதிரி ஒரு சிவப்புப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிடுகிறாளாம். "காலால் உதைக்கிறார்கள், கையால் பிடிக்கிறார்கள், ஒருத்தி மேல் ஒருத்தி விழுகிறார்கள். ஃபுட்டி என்கிறாள். பெண்பிள்ளைகள் இதை எப்போதிலிருந்து ஆடுகிறார்கள்?" என்று கேட்கிறார்.

முதலில் ஆஸ்திரேலியாவின் இந்தக் கால்பந்து ஆட்டத்தைச் சொல்லிவிடலாம். கிரிக்கெட் மைதானம் அளவுக்குப் பெரிய நீள்வட்டம். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கு ஊடே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒன்று. பந்தைத் தூக்கி எறியக் கூடாது. உதைக்க வேண்டும், அல்லது ஒரு உள்ளங்கையில் வைத்து மறுகை முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும். ஆண்கள் அணியில் களத்தில் 18 பேர், பெண்கள் அணியில் 16 பேர். அவ்வளவுதான்.

"எப்போதிலிருந்து" என்ற கேள்விதான் என்னை இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டது. 1915-லேயே பெர்த் நகரக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் அணி கட்டி ஆடியிருக்கிறார்கள். ஆனால் பெண்களுக்கென்று தேசிய அளவில் ஒரு லீக் தொடங்கியது 2017-ல். நூறு வருடத்துக்கும் மேல் ஓர் இடைவெளி! அந்த இடைவெளி ஒரு தனி மனுஷியின் வாழ்க்கையில் எப்படி விழுந்தது என்று பார்க்க, ஆட்டக்காரர் எரின் ஃபிலிப்ஸின் கதையைப் படித்தால் போதும்.

எரினின் அப்பா கிரெக் ஃபிலிப்ஸ், அடிலெய்ட் பக்கம் கொண்டாடப்பட்ட ஆட்டக்காரர். போர்ட் அடிலெய்ட் அணிக்காக எட்டு முறை கோப்பை வென்றவர். அந்த வீட்டில் பிறந்த பெண், பையன்களோடு சேர்ந்து ஃபுட்டி ஆடியே வளர்ந்தாள். பதின்மூன்று வயதானதும் நின்றுபோனது. திறமை குறைந்து அல்ல. அந்த வயதுக்கு மேல் பெண்பிள்ளை பையன்களோடு ஆட அப்போது முடியாது. பெண்களுக்கென்று மேலே போக ஒரு வழியும் இல்லை.

எரின் கூடைப்பந்துக்குப் போனார். 2006-ல் உலகக் கோப்பை வென்ற ஆஸ்திரேலிய அணியில் இருந்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி. அமெரிக்காவின் டபிள்யூஎன்பிஏ லீக்கில் 2012-ல் இண்டியானாவுக்காகவும் 2014-ல் ஃபீனிக்ஸுக்காகவும் பட்டம். பின்னாளில் ஃபுட்டிக்கும் திரும்பி, இரண்டு விளையாட்டிலும் சாதித்தவர் என்று எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு என்னவோ வியப்பை முந்திக்கொண்டு ஆற்றாமைதான் வருகிறது. முதல் கதவு சாத்தப்பட்டதால் போய்ச் சேர்ந்த இடம் அது. அங்கேயும் ஜொலிக்கிற அளவுக்கு எரினுக்குக் கை வந்தது. அதே வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட, கூடைப்பந்து வராத மற்ற பெண்கள்? அவர்களைப் பற்றி எழுத யாரிடமும் ஒரு குறிப்பும் இல்லை.

2017 பிப்ரவரி 3, மெல்பர்ன் பிரின்சஸ் பார்க். பெண்கள் லீக்கின் முதல் ஆட்டம், கார்ல்டனும் காலிங்வுட்டும். 24,568 பேர் உள்ளே நுழைந்ததும் வாசற்கதவைச் சாத்திவிட்டார்கள், இடமில்லை. வெளியே நின்ற கூட்டத்திடம் லீக்கின் தலைமை அதிகாரியே வந்து மன்னிப்புக் கேட்டார். யாரும் பார்க்க வரமாட்டார்கள் என்று அத்தனை காலம் சொல்லிவந்தவர்கள் அன்றைக்கு எங்கே நின்றார்களோ!

கூட்டம் வந்தது, சம்பளம் வரவில்லை. முதல் வருடம் பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது 8,500 டாலர் அளவில்தான். பகலில் வேலை, இருட்டியபின் பயிற்சி. மெல்பர்ன் அணித் தலைவி டெய்சி பியர்ஸ் அப்போது பிரசவம் பார்க்கும் செவிலியராக இருந்தார். (இன்று அவர் வெஸ்ட் கோஸ்ட் பெண்கள் அணியின் பயிற்சியாளர்.)

அந்த முதல் பருவத்தில் அடிலெய்ட் அணிக்காக எரின் இறங்கியபோது வயது 31. வீட்டில் இரட்டைக் கைக்குழந்தைகள். அணி கோப்பையை வென்றது. லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது எரினுக்கு. பதினெட்டு வருடம் கழித்து வந்து!

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 2019 இறுதிப்போட்டியின் ஒளிப்பதிவை. அடிலெய்ட் ஓவல், 53,034 பேர். கார்ல்டனை 45 புள்ளியில் வீழ்த்திய ஆட்டம். மூன்றாவது கால்பகுதியில் எரின் திரும்பும்போது இடது முழங்கால் மடங்குகிறது. கீழே விழுந்தவர் காலைப் பிடித்துக்கொள்கிறார். ஏசிஎல் தசைநார் அறுந்துவிட்டது. இந்த ஆட்டத்தில் பெண்களை அதிகம் பயமுறுத்துகிற காயம் அதுதான். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது எதிரணிப் பெண்களும் வந்து தட்டிக்கொடுக்கிறார்கள். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டுகிறது. முக்கால்வாசி ஆட்டமே ஆடியும் அன்றைய சிறந்த ஆட்டக்காரர் எரின்தான். சில நாளில் லீக் விருதும் இரண்டாம் முறையாக வந்தது.

முப்பத்து மூன்று வயதில் அறுந்த முழங்கால் என்றால் போதும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 2022-ல் இன்னொரு கோப்பை. அதே வருடம் போர்ட் அடிலெய்ட் பெண்கள் அணி தொடங்கியதும் முதல் தலைவியாக அங்கே போய்ச் சேர்ந்தார். அணிந்தது 22-ஆம் எண் ஜெர்ஸி. அப்பா அங்கே அணிந்த எண். கிரெக் ஃபிலிப்ஸின் மகனாகப் பிறந்திருந்தால் இருபது வயதுக்குள் கைக்கு வந்திருக்கும் ஜெர்ஸி அது. மகளுக்கு 37 வயதில் கிடைத்தது. 2023-ல் ஓய்வு. 2025-ல் ஆஸ்திரேலிய ஃபுட்டியின் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார். பெண்கள் லீக்கிலிருந்து அங்கே போன முதல் ஆள்.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். பேத்தியின் வயதைக் குறிப்பிட மறந்துவிட்டீர்கள். பதின்மூன்று தாண்டிவிட்டாளா? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். அவள் ஜெர்ஸி எண்ணையும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்