பூல் மேசையருகே

பிள்ளை பூல் விளையாடப் போகிறான் என்றாலே ஸ்காபரோவில் எம்மிற் பலர் கலங்குகின்றோம். அம்மேசையை ஒருமுறையேனும் கிட்ட நின்று பார்த்தோமா?

இவ்விளையாட்டுக் குடும்பம் எமக்கு அந்நியமன்று. 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வாகை சூடியவர் இலங்கையரான எம். ஜே. எம். லாபீர். 1983இல் உலக ஸ்னூக்கர் போட்டியில் முதன்முதலாக ஒரே தொடரில் 147 புள்ளிகளைப் பெற்றவர் கனடியரான கிளிஃப் தோர்பேர்ன்.

ஆட்டத்திற்கு வேண்டியது பலமன்று, நிதானமே. கோலின் தோல்முனைக்குச் சோக்குப் பூசாவிடில் அது பந்தில் வழுக்கும். பின்கை கோலை இறுகப் பற்றலாகாது; முன்கை மேசையில் அசையாது ஊன்றி நிற்றல் வேண்டும். வெள்ளைப் பந்தின் நடுவிற்கு மேலே அடித்தால், அது மற்றப் பந்தைத் தொடர்ந்து ஓடும். கீழே அடித்தால் பின்வாங்கும். அடித்த பின்னரும் கோல் நேரே முன்செல்ல வேண்டும்.

இரண்டு வேலைக்கு ஓடும் எமக்கு நேரமில்லைதான். ஆனால் வெறுமனே தடுத்தால் பிள்ளை ஒளித்துப் போவான். ஒருநாள் அவனோடு சென்று நாமும் கோல் பிடிப்போம். அவன் எங்கே, யாருடன் நிற்கிறான் என்பதும் அன்றே தெரிந்துவிடும்.