ஒரே எண், இரண்டு கணக்கு

ஹைதராபாத் அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்களின் போர்டுகளைப் படித்து முடிப்பதே பெரிய வேலை. அங்கே நெட்வொர்க் படித்துவிட்டு வேலை தேடுகிறவர்களிடம் கேட்பதற்கென்றே ஒரு கேள்வி உண்டு. இரண்டு ரூட்டர்கள். நடுவே கேபிள் சரி. ‘பிங்’ அனுப்பினால் பதில் வருகிறது. ஒன்றையொன்று அடையாளமும் கண்டுகொண்டுவிட்டன. ஆனால் வழித்தடத் தகவலை மட்டும் பரிமாறிக்கொள்ள மறுக்கின்றன. ஏன்?

விடை: எம்.டி.யு. அதாவது, ஒரே நடையில் அனுப்பக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு. ஈதர்நெட்டில் வழக்கமாக 1500 பைட். டேட்டா சென்டர்களில் 9000 வரை வைப்பார்கள்.

அளவு ஒத்துப்போகாத அவஸ்தை இந்த ஊருக்குப் புதிதல்ல. 1874-ல் வாடியிலிருந்து செகந்திராபாத் வந்த நிஜாம் ரயில் ஓடியது அகலப் பாதையில், 1676 மில்லிமீட்டர். பின்னால் வந்த கோதாவரி பள்ளத்தாக்குப் பாதையோ மீட்டர் கேஜ். இரண்டும் சந்தித்த இடத்தில் சரக்கை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. நாடு முழுக்க இந்தத் தொல்லையைத் தீர்க்க 1992-ல் ரயில்வே ஒரே அகலத் திட்டத்தைக் கையிலெடுத்தது. தண்டவாளத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ரூட்டரில் தெரியாது.

‘ஓ.எஸ்.பி.எஃப்.’ என்ற வழித்தட முறையின் 1998-ம் ஆண்டு விதிகள் இதில் கறாரானவை. முதலில் ரூட்டர்கள் சொல்லிக்கொள்ளும் ‘ஹலோ’ சின்னது, தடையின்றிப் போய்விடும். அடுத்து, தன்னிடமுள்ள தகவல்களின் பட்டியலை அனுப்பும்போது தன் எம்.டி.யு.வையும் சொல்லியாக வேண்டும். அது தன்னால் வாங்க முடிந்ததைவிடப் பெரிதென்றால் எதிர்த்தரப்பு பட்டியலைத் தள்ளிவிடும். உறவு ‘எக்ஸ்ஸ்டார்ட்’ நிலையிலேயே நின்றுவிடும். காரணம் நியாயமானது. இன்று விட்டுக்கொடுத்தால், நாளை நெட்வொர்க் பெருத்துப் பெரிய பாக்கெட்டுகள் வரும்போது அவை சத்தமில்லாமல் காணாமல் போகும்.

இதில் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பரிச்சயமான சங்கடம் ஒன்றும் இருக்கிறது. சிஸ்கோவின் ஐ.ஓ.எஸ். 1500 என்று சொல்வதை ஜூனிபர் 1514 என்று சொல்லும். ஈதர்நெட் தலைப்பின் 14 பைட்டை ஒருவர் சேர்த்து எண்ணுகிறார், மற்றவர் சேர்ப்பதில்லை. இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டால் அளவு வேறாகிவிடும். பொறுமையில்லாதவர்கள் ‘அளவைக் கண்டுகொள்ளாதே’ என்று ரூட்டருக்குக் கட்டளை கொடுத்து வேலையை முடிக்கிறார்கள். எச்சரிக்கை மணியின் வயரை அறுக்கிற காரியம் இது.

வீட்டு இணைப்பிலும் இதே கதைதான். ‘பி.பி.பி.ஓ.இ.’ முறையிலான பிராட்பேண்ட் 8 பைட்டைத் தனக்கென எடுத்துக்கொள்ள, மிஞ்சுவது 1492. பெரிய பாக்கெட் வந்தால் ‘இது பெரிது, குறைத்து அனுப்பு’ என்று வழியிலுள்ள ரூட்டர் ஐ.சி.எம்.பி. மூலம் சேதி சொல்லும். 1990-ல் வகுத்த ஏற்பாடு. ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் பல அலுவலகங்கள் ஐ.சி.எம்.பி.யை மொத்தமாக அடைத்துவிடுகின்றன. அனுப்பியவருக்குச் சேதி எட்டுவதில்லை; அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறார். சின்ன மெயில் போகும், இணைப்பு போகாது. கடைசி நாளில் தேர்வு விண்ணப்பத்துக்குப் போட்டோ ஏற்றுகிறவர் திரையில் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். போன் செய்தால், “லைன் நல்லாத்தான் இருக்கு சார்.” அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. விண்டோஸ் பிங் வழக்கமாகச் சுமப்பது வெறும் 32 பைட்.

சோதிப்பது சுலபம். ‘துண்டாக்காதே’ என்ற நிபந்தனையோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்புகளின் 28 பைட் சேர்ந்து 1500 ஆகும். அது போகாமல் 1464 போனால் உங்கள் பாதை 1492. ரூட்டரிலும் அந்த எண்ணையே வையுங்கள். ஃபயர்வால் சாவி உங்கள் கையில் இருந்தால், எதை அடைத்தாலும் ‘பெரிது’ என்ற அந்த ஒரு சேதிக்கு மட்டும் வழிவிடுங்கள்.