கம்பெனி போனது, கருத்து நின்றது

கெலமங்கலம், ஓசூர் வட்டாரத்து மாணவர்களுக்குத் தொழிற்சாலைப் பேச்சு புதிதன்று. வீட்டில் ஒருவராவது ஷிப்டுக்குப் போய் வருவார். "கம்பெனி கைமாறிவிட்டதாம், இனி அவ்வளவுதான்" என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதும் காதில் விழும். ஒரு நிறுவனம் மறைந்தால் அதில் பிறந்த அறிவும் மறைந்துவிடுமா? மறையாது என்பதே என் கருத்து. ஒரு மின்தூக்கிக் கம்பெனியின் கதை இதற்குச் சான்று.

1854-ல் நியூயார்க் பொருட்காட்சியில் எலிஷா ஓட்டிஸ், கயிற்றை அறுத்தாலும் விழாத தூக்கியை மக்கள் முன் செய்து காட்டினார். அவருக்குப் பின் அவருடைய பிள்ளைகள் நிறுவனத்தைப் பெரிதாக வளர்த்தனர். அந்நாளில் தூக்கிகள் பெரும்பாலும் நீராவியாலோ நீரழுத்தத்தாலோ இயங்கின.

ஃபிராங்க் ஸ்பிரேக் என்ற அமெரிக்கப் பொறியாளர் மின்சாரத்தை நம்பினார். 1888-ல் ரிச்மண்ட் நகரில் மின்சார டிராம் ஓட்டிப் புகழ் பெற்றவர் இவர். 1892-ல் சார்லஸ் பிராட் என்பவருடன் சேர்ந்து மின்தூக்கி நிறுவனம் தொடங்கினார். நீண்ட திருகுதண்டு ஒன்றை மோட்டார் சுழற்றும். அதன்மேல் உள்ள நட்டு முன்னும் பின்னும் நகர்ந்து கயிற்றை இழுக்கும். பெட்டி ஏறி இறங்கும். இவ்வகையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தூக்கிகள் அமைக்கப்பட்டன. ஆயினும் பத்தாண்டு நிறைவதற்குள் ஓட்டிஸ் நிறுவனம் அதை விலைக்கு வாங்கிவிட்டது. பின்னர், மோட்டாரே கயிற்றுச் சக்கரத்தை நேராகச் சுழற்றும் முறை வந்ததும் திருகுதண்டும் வழக்கொழிந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. தூக்கியின் பெட்டிக்குள் ஒரு சிறிய விசையைத் திருப்பினால், தொலைவிலுள்ள பெரிய மோட்டார் கீழ்ப்படிகிறது. ரயிலின் பல பெட்டிகளிலும் மோட்டார் வைத்து, எல்லாவற்றையும் ஒரே ஓட்டுநர் இவ்வாறே ஆட்டுவித்தால் என்ன என்று ஸ்பிரேக் எண்ணினார். 1897-ல் அதைச் செய்தும் காட்டினார். சென்னையில் 1931-ல் தொடங்கிய மின்சார ரயிலும், ஓசூருக்கு வடக்கே பொம்மசந்திரா வரை 2025 ஆகஸ்டு முதல் ஓடும் பெங்களூர் மெட்ரோவும் இந்த வழியில் வந்தவையே.

காப்புரிமையின் உட்பொருளும் இதுதான். கண்டுபிடித்தவர் தம் நுட்பத்தை ஒளிக்காமல் எழுதித் தரவேண்டும். அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட காலம் அவருக்குத் தனியுரிமை உண்டு; இந்தியாவில் அது 20 ஆண்டுகள். அதன்பின் அது எல்லோருக்கும் பொது.

கம்பெனி மூடினால் வேலை இழப்பவரின் துயரம் சிறிதன்று. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆகவேதான் சொல்கிறேன்: நாளை ஓசூரில் வேலைக்குச் செல்லும் மாணவர்களே, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை மட்டும் கற்றுக்கொண்டு நின்றுவிடாதீர்கள். அழுத்தியதும் இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பொத்தான் கம்பெனிக்குச் சொந்தம். புரிந்துகொண்டது உங்களுக்குச் சொந்தம்.